சட்டையின் விலையில் எழுதப்படாத பொறுப்பு

2013 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. டாக்காவை ஒட்டிய சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் பெரிய விரிசல்கள் கண்டன. வந்து பார்த்த பொறியாளர், கட்டடத்தில் ஆள் இருப்பது ஆபத்து என்றார். கீழ்த்தளங்களில் இருந்த கடைகள் மூடப்பட்டன. அங்கே கிளை வைத்திருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல் தளங்களில் இயங்கிய ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் மட்டும் மறுநாள் காலை தொழிலாளர்களை உள்ளே வரவழைத்தன. வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டியதாகப் பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. கட்டடம் நொறுங்கி விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் காயங்களோடு மீட்கப்பட்டார்கள்.

ஒரே விரிசலைப் பார்த்த வங்கி ஒரு முடிவையும் தொழிற்சாலை வேறொரு முடிவையும் எடுத்தது ஏன்? கட்டட உரிமையாளர் அரசியல் செல்வாக்கு உள்ளவர், அனுமதியின்றி மாடிகளைக் கூட்டியவர், கடைகளுக்கென்று கட்டிய இடத்தில் கனமான இயந்திரங்களை ஏற்றவிட்டவர் என்பதெல்லாம் உண்மை. கட்டடம் விழுந்ததற்கு அவை காரணம். விழும்போது உள்ளே ஆட்கள் இருந்ததற்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். வங்கிக்கு ஒரு நாள் வேலை நின்றால் ஒரு நாள் நஷ்டம். ஏற்றுமதி ஆர்டர் எடுத்த தொழிற்சாலைக்கு ஷிப்மென்ட் தேதி தவறினால் கதை வேறு: பையர் தள்ளுபடி கேட்பார், அல்லது கப்பலில் போக வேண்டிய சரக்கைத் தொழிற்சாலையின் செலவிலேயே விமானத்தில் அனுப்பச் சொல்வார், அல்லது ஆர்டரையே ரத்து செய்வார். தேதியையும் விலையையும் நிர்ணயிப்பவர் ஒரு கண்டத்தில் இருக்கிறார். அந்தத் தேதிக்காக விரிசல் விட்ட கட்டடத்துக்குள் போகிறவர் இன்னொரு கண்டத்தில் இருக்கிறார்.

இந்த இடைவெளியைப் பொருளியலாளர்கள் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. கொள்முதல் விலையிலும் ஒப்பந்தத்திலும் எழுதப்பட்ட பொறுப்பு தொழிலாளியைச் சென்றடைகிறது. நடத்தை விதிகளிலும் ஆடிட் அறிக்கைகளிலும் மட்டும் எழுதப்பட்ட பொறுப்பு வழியிலேயே நின்றுவிடுகிறது.

வங்கதேசம் ஆடை நாடாக மாறியதே வர்த்தகக் கொள்கையின் விளைவுதான். 1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா விதிக்க வழிசெய்தது. தென்கொரியாவும் ஹாங்காங்கும் தங்கள் கோட்டாவை நிரப்பிவிட்டதால், கோட்டா இல்லாத நாட்டைத் தேடிக் கொரிய முதலாளிகள் கிளம்பினார்கள். தேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. 1979இல் தேஷின் 130 ஊழியர்கள் கொரியாவின் பூசான் நகருக்குப் போய்த் தையல், கட்டிங், தரச் சோதனை, நிர்வாகம் எல்லாம் கற்று வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் 115 பேர் தேஷை விட்டு விலகிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள் அல்லது புதிய நிறுவனங்களில் சேர்ந்தார்கள். துணி இறக்குமதிக்கான எல்.சி.யை, அதாவது வங்கி தரும் கடன் உறுதிக் கடிதத்தை, ஏற்றுமதி எல்.சி.யோடு பிணைக்கும் ஏற்பாட்டையும் தீர்வை கட்டாமல் துணியை வைத்துக்கொள்ளும் பிணைக் கிடங்கையும் அரசு அனுமதித்தது. கையில் முதலே இல்லாதவர்கள்கூடத் தொழிற்சாலை வைக்க முடிந்தது.

பிறகு இன்னும் இரண்டு கொள்கை முடிவுகள் வந்தன. 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து ஆயுதம் தவிர மற்ற எல்லாவற்றையும் தீர்வையின்றி ஏற்க முன்வந்தது. 2011இல் அதே ஒன்றியம் மூல விதியைத் தளர்த்தியது: துணி எங்கிருந்து வந்தாலும் தைத்தது வங்கதேசத்தில் என்றால் போதும், வரி கிடையாது. அதே காலத்தில் திருப்பூர்ப் பனியனுக்கு ஐரோப்பாவில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் வரி இருந்தது. வங்கதேசத்தோடு போட்டியிட முடியவில்லை என்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் ஆண்டுக்கணக்காகப் புலம்பியதற்கு இதுவே அடிப்படை. இந்தியப் பஞ்சாலைகளில் நூற்ற நூல் வங்கதேசம் போய் ஆடையாகி, நம் ஆடையோடு போட்டியிட்டது.

இந்த வளர்ச்சியைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. இன்று அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடையிலிருந்து வருகிறது. சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், அதில் வேலை செய்கிறார்கள். ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் இருவரும் டாக்காவைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் தூரத்தில் உள்ள ஊர்களையும் அப்படி இல்லாத ஊர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். தொழிற்சாலை எட்டும் தூரத்தில் இருந்த ஊர்களில் பெண் குழந்தைகள் கூடுதலாகப் படித்தார்கள், அவர்களின் திருமணம் தள்ளிப்போனது, முதல் பிரசவமும் தள்ளிப்போனது. கணக்குப் போடவும் எழுதப் படிக்கவும் தெரிந்தவருக்கு லைனில் நல்ல வேலை கிடைக்கும் என்று பெற்றோருக்குத் தெரிந்ததும் மகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இதைச் செய்தது ஏற்றுமதி வேலைதான். ஆகவே அந்த வேலையை நிறுத்துவதைத் தீர்வாகச் சொல்பவர்கள் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

வேலை இருக்க வேண்டும். அந்த வேலை கொல்லக் கூடாது. இதற்குப் பெரிய பிராண்டுகள் 1990களிலிருந்து சொன்ன பதில் ஆடிட். நைக் போன்ற நிறுவனங்கள், தங்கள் காலணியைத் தைக்கும் ஆசியத் தொழிற்சாலைகளின் நிலை அம்பலமானதும் நடத்தை விதிகளை எழுதின, தணிக்கையாளர்களை அனுப்பின. காலப்போக்கில் அதுவே ஒரு தொழிலானது. ஆடிட்டர் வருவதற்கு முன் தொழிற்சாலை கழுவப்படும், தீயணைப்புக் கருவி மாட்டப்படும், ஓவர்டைம் பதிவேடு இரண்டாக எழுதப்படும், கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லித் தரப்படும். ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பவர் பல நேரம் தொழிற்சாலை முதலாளி, சில நேரம் பையர். தொழிலாளி ஒருபோதும் இல்லை.

எம்.ஐ.டி.யில் இருந்த ரிச்சர்ட் லாக்கிடம் நைக் தன் ஆடிட் தரவுகளைக் கொடுத்தது. 51 நாடுகளில் 800க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள், பல ஆண்டுகளின் மதிப்பெண்கள். அவரும் அவருடன் பணிபுரிந்தோரும் கண்டது இது: ஏறக்குறைய 80 சதவீதத் தொழிற்சாலைகளில் நிலைமை அப்படியே இருந்தது அல்லது மோசமானது. ஆடிட்டை நம்பி அதற்குச் செலவு செய்த நிறுவனத்தின் சொந்தத் தரவிலிருந்தே இந்த முடிவு வந்தது என்பதால் அதற்குக் கூடுதல் எடை உண்டு.

கராச்சியில் நடந்தது இதைவிடக் கொடியது. 2012 செப்டம்பர் 11 அன்று அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்ததில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ.8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் அதற்குக் கிடைத்திருந்தது. தீ வைக்கப்பட்டது என்று பாகிஸ்தான் நீதிமன்றம் பிற்பாடு தீர்ப்பளித்தது. யார் வைத்தாலும், ஜன்னல்களில் கம்பி இருந்ததும் வெளியேற வழி அடைபட்டிருந்ததும்தான் சாவைப் பெருக்கின. அந்தத் தொழிற்சாலையின் முதன்மை வாடிக்கையாளரான ஜெர்மனியின் கிக் நிறுவனத்தின் மீது, பாதிக்கப்பட்ட நால்வர் டோர்ட்மண்ட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். காலவரம்பு கடந்துவிட்டது என்று 2019 ஜனவரியில் வழக்கு தள்ளுபடியானது. பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. ஜெர்மனியில் விநியோகச் சங்கிலிச் சட்டம் வேண்டும் என்ற குரல் வலுத்ததில் இந்த வழக்குக்குப் பங்குண்டு.

ராணா பிளாசாவுக்குப் பிறகு இரண்டு விதமான நடவடிக்கைகள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வர்த்தகக் கொள்கை எப்போது பலிக்கிறது, எப்போது வெறும் சைகையாக நிற்கிறது என்று புரியும்.

2013 ஜூனில் அமெரிக்கா வங்கதேசத்துக்கு அளித்திருந்த பொது விருப்ப வரிச் சலுகையை நிறுத்திவைத்தது. செய்தித்தாள்களில் பெரிய தலைப்பு வந்தது. ஆனால் அந்தச் சலுகைப் பட்டியலில் ஆடையே கிடையாது. தொழிலாளர்கள் இறந்தது ஆடைத் தொழிற்சாலையில். தண்டனை விழுந்தது பீங்கான் போன்ற பிற பொருள்களின் மீது, அமெரிக்காவுக்குப் போகும் வங்கதேசச் சரக்கில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதியின் மீது.

அதற்கு முந்தைய மாதம் கையெழுத்தான அக்கார்டு வேறு வகையானது. இண்டஸ்ட்ரியால், யுஎன்ஐ என்ற இரண்டு உலகத் தொழிற்சங்கங்களும் வங்கதேசச் சங்கங்களும் ஒருபுறம், இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் மறுபுறம். சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் அதற்குள் வந்தன. பொறியாளர்கள் கட்டடம், மின்சாரம், தீ மூன்றையும் சோதித்தார்கள். அறிக்கைகள் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. குறையைச் சரிசெய்யாத தொழிற்சாலையோடு எந்தப் பிராண்டும் வியாபாரம் செய்யக் கூடாது. அதே நேரம், சரிசெய்யப் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமை பிராண்டுக்கு உண்டு; முதல் இரண்டு ஆண்டுகள் ஆர்டரைக் குறைத்துக்கொண்டு ஓடக் கூடாது. பழுதுபார்ப்புக்காகத் தொழிற்சாலை மூடினால் ஆறு மாதம்வரை தொழிலாளிக்குச் சம்பளம் உண்டு. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமையும் எழுதப்பட்டிருந்தது. சாவரில் அந்தப் புதன்கிழமை காலை இல்லாமல்போன உரிமை அது.

பிராண்டு வாக்குத் தவறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இழுத்தார்கள். ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்தில் இரண்டு பிராண்டுகள் மீது 2016இல் தொழிற்சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. அவற்றில் ஒன்று, தான் வாங்கும் தொழிற்சாலைகளைச் சீர்செய்ய 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. முதல் சோதனையில் கண்ட குறைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சரிசெய்யப்பட்டன. 2013க்குப் பின் அந்த அளவிலான கட்டட விபத்து வங்கதேச ஆடைத் தொழிலில் நடக்கவில்லை.

பொருளியலாளர்களின் அளவீடும் இதற்கு இணங்கவே இருக்கிறது. வட அமெரிக்கப் பிராண்டுகள் பல அக்கார்டில் சேராமல் அலையன்ஸ் என்ற தனி அமைப்பை வைத்துக்கொண்டன. அதன் 84 தொழிற்சாலைகளில் லாரா புட்ரோ ஒரு பரிசோதனை நடத்தினார். வங்கதேசச் சட்டப்படி இருக்க வேண்டிய தொழிலாளர் பாதுகாப்புக் குழுக்களை உண்மையாகவே இயங்கவைக்கும்படி, குலுக்கலில் தேர்ந்த சில தொழிற்சாலைகளுக்கு அழுத்தம் தரப்பட்டது, மற்றவை காத்திருந்தன. அழுத்தம் கிடைத்த இடங்களில் குழுக்கள் சட்டம் சொன்னபடி இயங்கின, பாதுகாப்பும் ஓரளவு கூடியது. உற்பத்தித் திறனோ வேலைவாய்ப்போ குறைந்ததாகத் தெரியவில்லை. அரசின் கை எட்டாத இடத்தில், வாங்குபவரின் கை உள்நாட்டுச் சட்டத்தை நிறைவேற்ற முடியும் என்று காட்டிய ஆய்வு இது. இந்தோனேசியாவிலும் அப்படித்தான். 1990களின் போராட்டங்களால் குறிவைக்கப்பட்ட ஆடை, காலணித் தொழிற்சாலைகளை ஆன் ஹாரிசனும் ஜேசன் ஸ்கோர்ஸும் ஆராய்ந்தார்கள். அங்கே உண்மைக் கூலி கணிசமாக உயர்ந்திருந்தது. மொத்த வேலைவாய்ப்பு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் லாபம் சரிந்தது, சிறிய ஆலைகள் சில மூடின. அந்தக் கடைசி வாக்கியத்தைத் தொழிற்சங்க நண்பர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. கூலி உயர்ந்தபோது அந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வங்கதேசத்தில் யார் ஏற்றார்கள்? கதவு, தூண், மின்கம்பி, தெளிப்பான் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் தொழிற்சாலை முதலாளிகளே செலவழித்தார்கள். 2013 டிசம்பரில் குறைந்தபட்சக் கூலி 3,000 டாகாவிலிருந்து 5,300 ஆனது. 2018 இறுதியில் 8,000. 2023 இறுதியில் 12,500. செலவு இப்படி ஏறிய அதே ஆண்டுகளில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆனர் கொள்முதல் விலைகளைக் கணக்கிட்டார். ராணா பிளாசாவுக்கு அடுத்த ஐந்தே ஆண்டுகளில் வங்கதேசத் தொழிற்சாலைகளுக்குப் பிராண்டுகள் கொடுத்த விலை ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்திருந்தது. சரக்கை ஒப்படைக்கத் தரும் அவகாசமும் சுருங்கியிருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் நிலைத்தன்மைத் துறை ஒன்று இருக்கிறது. அது தொழிற்சாலைக்குப் போய், ஓவர்டைமைக் குறை, கூலியை ஒழுங்காகக் கொடு என்கிறது. அடுத்த அறையில் கொள்முதல் துறை இருக்கிறது. சென்ற சீசனைவிடப் பத்து செண்ட் குறைத்துக் கொடு, இரண்டு வாரம் முன்னதாகக் கொடு என்கிறது. தொழிற்சாலை முதலாளி எந்த அறையின் சொல்லைக் கேட்பார்? ஆர்டர் தரும் அறையின் சொல்லைத்தான். மீதியை பீஸ் ரேட்டிலும், கணக்கில் வராத ஓவர்டைமிலும், எந்த ஆடிட்டரும் போகாத சப்-காண்ட்ராக்ட் பட்டறையிலும் ஈடுகட்டுவார். முதலாளி பேராசைக்காரராக இருந்தால் இது இன்னும் மோசமாகும்; நல்லவராக இருந்தாலும் பெரிதாக மாறாது.

2020 மார்ச்சில் இது ஒளிவுமறைவின்றி வெளியே வந்தது. பெருந்தொற்றால் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகள் மூடியதும் வங்கதேசத்தின் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றில் பல தைத்து முடிந்தவை. அந்த மாதமே ஆனர் தொழிற்சாலைகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், ரத்து செய்த பையர்களில் 72 சதவீதத்தினர் ஏற்கெனவே வாங்கிய துணிக்குக்கூடப் பணம் தர மறுத்தார்கள். வெட்டித் தைத்த கூலியைத் தர மறுத்தவர்கள் 91 சதவீதத்துக்கு மேல். அவர்களில் பலரின் இணையதளங்களில் பொறுப்பான கொள்முதல் பற்றிய பக்கங்கள் அப்போதும் இருந்தன. சரக்கு கப்பல் ஏறிய பிறகு பல வாரம் கழித்துப் பணம் என்ற ஒப்பந்தமே நடைமுறை. துணி, நூல், கூலி எல்லாம் ஏழை நாட்டின் முதலாளியும் அவருடைய வங்கியும் முன்கூட்டிப் போட்ட பணம். பணக்கார நாட்டுக் கடைக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது போலத்தான் அது முடிந்தது.

அப்படியானால் சட்டம் போட்டு இறுக்கினால் தீர்ந்துவிடுமா? இங்கே எச்சரிக்கை தேவை. அதைச் சொல்லும் ஆய்வுகளையும் மறைக்கக் கூடாது. 2010இல் அமெரிக்கா நிறைவேற்றிய டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு, கிழக்கு காங்கோவின் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகும் கனிமங்களைப் பயன்படுத்துகிறோமா என்று நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும் என்றது. நோக்கம் நல்லது. ஆனால் விசாரித்து நல்ல சுரங்கத்தைத் தேடுவதைவிட அந்த வட்டாரத்தையே தவிர்ப்பது நிறுவனங்களுக்கு மலிவு. பலர் விலகினார்கள், காங்கோ அரசும் சில மாதங்களுக்குச் சுரங்கத் தொழிலையே தடைசெய்தது. கையால் தோண்டிப் பிழைத்தவர்களின் வருமானம் போனது. டொமினிக் பார்க்கரும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பாதிக்கப்பட்ட சுரங்கங்களை ஒட்டிய கிராமங்களில் சிசு மரணம் குறைந்தது 143 சதவீதம் உயர்ந்ததாக மதிப்பிட்டது. கோஸ்டாரிகாவில் பன்னாட்டு நிறுவனங்களின் பொறுப்புக் கொள்முதல் விதிகளை ஆராய்ந்த குழுவும் இரண்டு பக்கங்களையும் கண்டது: அந்த நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுத்தவர்களிடம் குறைந்த கூலிக்காரர்களின் சம்பளம் உயர்ந்தது, ஆனால் அவர்களின் விற்பனையும் வேலைவாய்ப்பும் குறைந்தன. பொறுப்பு என்ற பெயரில் விலகிப்போகும் சுதந்திரத்தை வாங்குபவருக்குக் கொடுத்தால், அதன் விலையைக் கடைசி மனிதர் கட்டுகிறார். அக்கார்டில் ‘ஆர்டரைக் குறைக்கக் கூடாது’ என்ற வரி இருந்தது அற்பமான விஷயம் இல்லை.

தங்குவதற்குப் பரிசு தரும் வர்த்தகக் கொள்கை ஒன்று இருந்தது. அதை இப்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. 1999இல் அமெரிக்காவும் கம்போடியாவும் செய்துகொண்ட ஜவுளி ஒப்பந்தம், தொழிலாளர் நிலை மேம்பட்டால் ஆண்டுதோறும் கோட்டா கூடும் என்றது. தண்டனைக்குப் பதில் பரிசு. சோதிக்கும் பொறுப்பு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிடம் இருந்தது. பெயர் சொல்லியே தொழிற்சாலைகளின் குறைகள் வெளியிடப்பட்டன. ஒரு தொழிற்சாலை தவறினால் நாட்டின் கோட்டாவே பாதிக்கப்படும் என்பதால் மற்ற முதலாளிகளும் அரசும் அதைத் திருத்த அக்கறை காட்டினார்கள். 2005 ஜனவரி 1 அன்று உலகம் முழுவதும் கோட்டா முறை முடிந்ததும் பரிசும் போனது. பெயர் வெளியிடுவதும் 2006இல் நின்றது. பெயர் வெளியிடுவதை நிறுத்திய பிறகு முன்னேற்றத்தின் வேகம் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முன்பு திருந்தியவை பெரும்பாலும் திருந்தியபடியே இருந்தன என்பதையும் பதிவு செய்தார்கள். 2014இல் பெயர் வெளியிடும் வழக்கம் திரும்ப வந்தது.

ஐரோப்பா சட்டத்தின் பாதையில் போனது. பிரான்ஸ் 2017இலும் ஜெர்மனி 2021இலும் விநியோகச் சங்கிலிச் சட்டம் இயற்றின. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான உத்தரவு வந்தது: ஆயிரம் ஊழியர்களும் 45 கோடி யூரோ விற்பனையும் தாண்டிய நிறுவனங்கள் தங்கள் சங்கிலியில் நடப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். தங்கள் கொள்முதல் முறையையே திருத்த வேண்டியிருக்கலாம் என்றும் அந்த உத்தரவு ஒப்புக்கொண்டது. எனக்கு அதில் பிடித்த பகுதி அதுதான். மை காய்வதற்குள் பின்வாங்கினார்கள். 2025 பிப்ரவரியில் எளிமைப்படுத்தல் என்ற பெயரில் திருத்தம் முன்மொழியப்பட்டது. ஏப்ரலில் அமலாகும் தேதி தள்ளிப்போனது. டிசம்பரில் எட்டிய உடன்பாட்டில் வரம்பு ஐயாயிரம் ஊழியர், 150 கோடி யூரோ என்று உயர்ந்தது. ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான இழப்பீட்டுப் பொறுப்பு விதியும் கைவிடப்பட்டது. போட்டித்திறன் போகும் என்ற வாதமே வென்றது.

இனி நம் ஊர். திருப்பூரின் வரலாற்றிலும் இதே கணக்கு ஓடுகிறது. நொய்யல் ஆறு சாயத்தால் பாழாகி, ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகி, கீழ்ப்பகுதி விவசாயிகள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்குத் திருப்பூர் மாறியது. அந்தச் செலவைப் பட்டறைகளும் அரசுகளும் சுமந்தன. அதற்காகச் சட்டைக்கு ஒரு ரூபாய் கூட்டித் தருகிறேன் என்று பையர்கள் வரிசையில் நிற்கவில்லை.

திண்டுக்கல்லில் இன்னொன்று நடந்தது. 2021 ஜனவரியில் அங்குள்ள ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். ஆடிட்டுகள் கண்ட தொழிற்சாலைதான் அது. சாவுக்குப் பிறகே மற்றப் பெண்கள், தாங்கள் அனுபவித்த தொல்லைகளைப் பற்றி வாய்திறந்தார்கள். பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தை வென்றது. அந்தத் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளோடும் செய்த, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பாலியல் துன்புறுத்தலையும் சாதியின் பெயரால் நடக்கும் இழிவையும் கவனித்துச் சொல்ல, பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்களே லைனில் கண்காணிப்பாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டில் அந்தத் தொழிற்சாலையின் சரக்கைத் தடுத்தது. செப்டம்பரில் தடையை விலக்கியது. பல ஆண்டுகள் நீடிக்கும் இப்படிப்பட்ட தடை ஆறே வாரத்தில் விலகியதற்கு, ஒப்பந்தமும் அதைக் கண்காணித்த சங்கமும் முக்கியக் காரணங்கள். ஏற்றுமதியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வலுவான சங்கம் அவர்களுடைய சந்தையைக் காப்பாற்றியது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீது வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூர் கண்ட அதிர்ச்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். வரிச் சுமையில் ஒரு பங்கை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பையர்கள் ஏற்றுமதியாளர்களிடம் கேட்டார்கள். ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் யூனிட்டிடம் கேட்பார். யூனிட் யாரிடம் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. எந்த ஆடிட்டிலும் இந்தச் சங்கிலி பதிவாவதில்லை.

வாங்குபவரைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவதற்கு ஐரோப்பாவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2019இல் ஒன்றியம் நிறைவேற்றிய உத்தரவின்படி, பெரிய அங்காடிகள் அழுகும் உணவுப் பொருளுக்கான ஆர்டரை முப்பது நாளுக்குக் குறைவான அவகாசத்தில் ரத்து செய்யக் கூடாது. முப்பது நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் பெரும் அங்காடிகள் தங்களுக்கு நேரடியாகச் சரக்கு தருபவர்களை எப்படி நடத்துகின்றன என்று கண்காணிக்க 2013 முதல் ஒரு சட்ட அதிகாரி இருக்கிறார். கீரைக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு சட்டைக்கு இல்லை.

2025 ஜூலையில் பிரிட்டனோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மற்ற நாடுகளோடும் பேசிவருகிறது. அந்தப் பேச்சுகளில் வரிக்குறைப்புக்காக மட்டும் வாதாடினால் போதாது. தைத்த ஆர்டரை ரத்து செய்யக் கூடாது, பணம் குறித்த நாளில் வர வேண்டும், குறைந்தபட்சக் கூலி உயர்ந்தால் ஒப்பந்த விலையும் உயர வேண்டும் என்ற மூன்று விதிகளைத் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஒரே மனுவாக எழுதி டெல்லிக்குக் கொண்டுபோக வேண்டும். வங்கதேச, கம்போடிய ஏற்றுமதியாளர்களையும் இதில் கூட்டாளியாக்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் பையர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார்.